பேங்க் சுவரில் சின்னவளின் கை

டைலரக்காவின் மெஷின் சத்தம் கேட்ட பிறகுதான் எங்கள் தெருவுக்குப் பொழுது விடியும். முன்னறைதான் கடை. வாசலைப் பார்த்தாற்போல் மெஷின், அதற்கு இடப்பக்கம் வெட்டிய துணிகளைப் போட்டுவைக்கும் பிரம்புக் கூடை, சுவரில் ஆணியடித்து மாட்டிய ஆளுயரக் கண்ணாடி. அவள் கழுத்தில் எப்போதும் டேப் தொங்கும். அளவெடுக்கும்போது ஆள் இளைத்திருந்தால் வாய்விட்டுச் சொல்வாள். பருத்திருந்தால் மூச்சுவிட மாட்டாள், பக்கவாட்டில் ஒரு விரல் துணி கூடவிட்டுத் தைத்துவிடுவாள். டைலரக்காவிடம் தைப்பவர்கள் குண்டாவதே இல்லை என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு.

புருஷன் போய்ச் சேர்ந்து சில வருஷங்கள் ஆகிவிட்டன. ஒரே மகளுக்கு மருந்துக்கடையில் வேலை. அக்காவுக்குக் கை ஓடும்போது வாயும் ஓடும். கொக்கி வைத்துத் தரக் காத்திருப்பவர்களுக்கு ஊர்க்கதை, உறவுக்கதை எல்லாம் கிடைக்கும். அவற்றில் ஒன்றை நானே பலமுறை கேட்டிருக்கிறேன். தண்ணீர்ப் பஞ்சம் வந்த வருஷத்துக் கதை.

அந்த வருஷம் குழாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. தண்ணீர் லாரி வந்தால் உண்டு. அக்காவும் அவள் ஓரகத்தியும், அதாவது கொழுந்தன் பெண்டாட்டியும், அப்போது ஒரே வீட்டில் இருந்தார்கள். வீட்டில் இளையவளுக்குச் சின்னவள் என்றே பேராகிவிட்டது. ஒருநாள் லாரிக்கு முன்னால் வரிசையில் நிற்கும்போது சின்னவள் பாய்ந்து அக்காவின் முடியைப் பிடித்து இழுத்து, குடத்தைப் பிடுங்கினாளாம்.

"மூத்தவள்னு ஒரு மரியாதை வேணாம்? நடுரோட்டுல வச்சு என் முடியைப் பிடிச்சு ஆட்டினா. குடமும் போச்சு, மானமும் போச்சு" என்பாள் அக்கா.

அன்றைக்கு உடைந்த வீடுதான். மாமியார் சின்னவளை வெளியே போகச் சொல்ல, கொழுந்தன் குடும்பம் ரயில்பாதைக்கு அந்தப் பக்கம் வாடகைக்குப் போனது. பிறகு இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. சாவுக்கு வந்தாலும் ஓரமாக நின்றுவிட்டுப் போய்விடுவார்கள்.

சொல்லிச் சொல்லி அந்தக் கதை, பலமுறை இஸ்திரி போட்ட துணி மாதிரி ஒரு சுருக்கமும் இல்லாமல் படிந்துவிட்டது. மகள் அதைக் கேட்டே வளர்ந்தாள்.

தெருமுனை வங்கிக்குப் புது மேனேஜராக ஓர் இளம்பெண் வந்தார். ஒவ்வொரு கிளையிலும் அந்தந்த வட்டாரத்தின் கதையைச் சுவரில் வரையவேண்டும் என்று மேலிடத்தில் முடிவாகியிருந்ததாம். கடன் விளம்பரங்கள் ஒட்டியிருந்த நீளச் சுவரைச் சுரண்டிவிட்டுச் சாரம் கட்டினார்கள். ஓவியர் ஒருவர் வந்தார். ஒல்லியான மனுஷர், சட்டையின் நிறம் என்னவென்று தெரியாத அளவுக்கு அதன்மேல் எல்லா நிறமும் இருந்தது. "வீட்டுல பழைய போட்டோ இருந்தா கொண்டாங்க" என்று வரிசையில் நிற்பவர்களிடம் கேட்பார். ஜனங்களும் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்தார்கள். செங்கல்சூளையின் புகைபோக்கி, பாதி கட்டிய பாலம், முதன்முதலாக வந்த பஸ்ஸுக்கு முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நின்ற கூட்டம் என்று ஒவ்வொன்றாகச் சுவரில் ஏறின. பஸ் டிரைவரின் மகன் வந்து, "எங்கப்பாவுக்கு இன்னும் கொஞ்சம் முடி இருந்துச்சு சார்" என்று முறையிட, ஓவியர் தாராளமாக முடி வைத்துக் கொடுத்தார்.

நாலாவது கட்டம் தண்ணீர்ப் பஞ்சம். அதற்குப் படம் கொடுத்தவர் பேப்பர் ஏஜெண்ட். பழுத்துப்போன செய்தித்தாள் ஒன்று. லாரிக்கு முன்னால் ஒரே குடக்காடு. நடுவில் இரண்டு பெண்கள், ஒருத்தி கையில் மற்றவளின் முடி. ஒரு குடம் சரிந்துகொண்டிருக்கிறது. அச்சு மை கலங்கியதில் இரண்டு முகமும் சரியாகத் தெரியவில்லை.

அக்கா பாஸ்புக் பதியப் போன அன்று ஓவியர் அந்தத் தாளை எல்லாரிடமும் நீட்டிக்கொண்டிருந்தார்.

"இவங்க யாருன்னு யாருக்காச்சும் தெரியுமா? முகம் இல்லாம வரைஞ்சா உயிர் வராதுங்க."

படம் பேப்பரில் வந்தது என்று அந்தக் காலத்திலேயே அக்கா கேள்விப்பட்டிருந்தாள், பார்த்ததில்லை. இப்போது பார்த்தாள். முகம் தெரியாவிட்டால் என்ன, முடியைப் பிடித்திருந்தவளின் பிளவுஸ் கையில் இருந்த இரட்டை மடிப்பு அக்கா தனக்கென்று தானே தைத்துக்கொண்டது.

"ஒண்ணு நான்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. "இன்னொண்ணு என் ஓரகத்தி."

வரிசையே திரும்பிப் பார்த்தது. ஓவியருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. "அக்கா, உங்க ரெண்டு பேர் போட்டோவும் இருந்தா குடுங்கக்கா, புண்ணியமா போகும்" என்றார்.

மறுநாள் அக்கா குடும்பப் படம் ஒன்றை எடுத்துப்போனாள். மாமியார் நடுவில் உட்கார்ந்திருக்க, இரண்டு மருமகள்களும் இரண்டு பக்கமும் நிற்கும் படம். ஓவியர் அதைச் செய்தித்தாளுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"சரிக்கா. இதுல முடியைப் பிடிச்சிருக்கறது யாரு?"

பின்னாளில் இதைச் சொன்னபோது, "யோசிச்சுப் பண்ணலை" என்றாள் அக்கா. யோசித்திருந்தால் ஞாபகம் இல்லை என்றாவது சொல்லித் தப்பித்திருக்கலாம். இத்தனை வருஷமாக நாக்கு போய்வந்த வழியில் விரலும் போய்விட்டது. சின்னவளின் முகத்தின்மேல் போய் நின்றது.

உண்மையில் நடந்தது வேறு. அன்று இருட்டோடு எழுந்து போய் வரிசையில் நின்றவள் சின்னவள். கைக்குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. அதைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். கொதிக்கவைத்துக் கொடுக்க வீட்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. அக்கா முந்தின நாள் அவசர ஆர்டர் ஒன்றைத் தைத்த அசதியில் தூங்கிப்போய், லாரி வந்த பிறகு ஓடிவந்தாள். மூத்தவள் என்ற உரிமையில் தன் குடத்தைச் சின்னவளுக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தாள். "இன்னிக்கு மட்டும் விட்டுடுக்கா, குழந்தைக்குத்தான்" என்று சொல்லிச் சின்னவள் தன் குடத்தை லாரிக் குழாய்க்கு அடியில் வைத்தாள். நாலு பேருக்கு முன்னால் தன்னை மறுத்துவிட்டாளே என்ற ஆத்திரம் அக்காவுக்கு. அடுத்த கணம் அவள் கை சின்னவளின் முடியில் இருந்தது. நிறைந்த குடம் கவிழ்ந்து தண்ணீர் முழுக்க மண்ணில் போனது. லாரிக்கு முன்னால் அவரவர் கண் அவரவர் குடத்தில், யார் கை யார் முடியில் என்று பார்த்துச் சொல்ல ஆளில்லை.

வீடு வந்ததும் "யாருடி முதல்ல கை வச்சது?" என்று மாமியார் கேட்க, சின்னவள்தான் என்று அக்கா முந்திக்கொண்டாள். துவண்டு கிடந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு சின்னவள் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டியிருந்தது. குழந்தை பிழைத்துக்கொண்டது. அவள் திரும்பி வருவதற்குள் வீட்டில் தீர்ப்பு முடிந்திருந்தது.

சுவர்ப்படத்தைத் திறந்துவைத்தபோது தெருவே போய்ப் பார்த்தது. நானும் போனேன். ஓவியர் கெட்டிக்காரர், அதில் சந்தேகமில்லை. அக்காவின் தலை பின்னால் சாய்ந்திருந்தது, கண்கள் மூடியிருந்தன, பார்த்தால் நமக்கே பிடரி வலிக்கும். சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். முழங்கையிலிருந்து விரல்வரை நரம்பு புடைத்த கை. விரல்களுக்கிடையே முடி கற்றை கற்றையாகப் பிதுங்கியது.

"பாவி, என்ன பிடி பிடிச்சிருக்கா! நீங்க சொன்னப்போகூட இவ்வளவுன்னு நெனைக்கலைக்கா" என்று பெண்கள் அக்காவின் தோளைத் தொட்டார்கள். முதல் சில நாள் அந்தத் தொடுதல் அவளுக்கு இதமாகத்தான் இருந்தது. வங்கி அந்த வருஷத்துக் காலண்டரில் அதே படத்தைப் போட்டு வீட்டுக்கு ஒன்று கொடுத்தது. மகள் அதை மெஷினுக்கு நேர் எதிரே மாட்டினாள். ஒவ்வொரு தடவை தலை நிமிரும்போதும் அந்தக் கை தெரிந்தது. இரண்டொரு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, தைத்து முடித்த பாவாடைகளை அதன்மேல் தொங்கவிட ஆரம்பித்தாள் அக்கா.

சின்னவள் ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருக்கிறாள். அவள் சம்பளமும் அதே கிளையில்தான் விழும். அக்கா உள்ளே இருப்பது கண்ணில் பட்டால் வாசலோடு திரும்பி இன்னொரு நாள் வருவாள். ஆனால் அன்று அக்கா தூணுக்குப் பின்னால் டோக்கனோடு உட்கார்ந்திருந்தாள். நீல யூனிபார்மோடு உள்ளே வந்த சின்னவள் சுவரைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். சூளையைப் பார்த்தாள், பாலத்தைப் பார்த்தாள், பஸ்ஸைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்கூட. நாலாவதில் நின்றுவிட்டாள். அவள் வலது கை மெதுவாக எழுந்து பிடரியைத் தடவியது.

வருபவர்களுக்கெல்லாம் படத்தை விளக்குவது வாட்ச்மேனின் வழக்கமாகிவிட்டிருந்தது. "இந்தம்மா பெரிய ராட்சசியாம். சொந்த ஓரகத்தியையே..." என்று ஆரம்பித்தவர் சுவரிலிருந்த முகத்தைப் பார்த்தார், எதிரே இருந்த முகத்தைப் பார்த்தார். குரல் இறங்கிப்போய், "டோக்கன் அந்தப் பக்கம்மா" என்றார்.

சின்னவள் தன் வேலையை முடித்துக்கொண்டு திரும்பும்போது தூணருகே அக்காவைப் பார்த்துவிட்டாள். நின்றாள்.

"நல்லா வரைஞ்சிருக்காங்கக்கா" என்றாள்.

குத்தல் இல்லை, கோபம் இல்லை. நல்ல சேலையைப் பார்த்து நல்லா இருக்கு என்று சொல்வதுபோல்தான் சொன்னாள். இத்தனை வருஷத்துக்குப் பிறகு இரண்டு பேருக்கும் இடையில் விழுந்த முதல் வார்த்தை அது. அக்காவின் டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள். இரண்டாவது முறையும் கூப்பிட்டார்கள். அவள் எழுந்திருக்கவில்லை.

அதோடு நின்றிருந்தால் அக்கா காலத்தை ஓட்டியிருப்பாளோ என்னவோ. சில வாரம் கழித்து ரொட்டிக்கடையம்மா பிளவுஸ் தைக்க வந்தாள். அவள் மகளைச் சின்னவளின் மகனுக்குக் கேட்டிருந்தார்கள். அன்று வயிற்றுப்போக்கில் துவண்ட அந்தக் குழந்தைதான், இப்போது கரண்ட் வேலை பார்க்கும் வாலிபன்.

கைக்கு அளவு கொடுத்துக்கொண்டே ரொட்டிக்கடையம்மா கேட்டாள்: "நீங்க உறவு, உள்ளது உள்ளபடி சொல்லுவீங்கன்னுதான் வந்தேன். பையன் தங்கம், அதுல குறையே இல்ல. அம்மாக்காரியை நெனச்சாத்தான் பயமா இருக்கு. பேங்க்ல பாத்தேன். என் பொண்ணு வாயில்லாப் பூச்சி. அந்தக் கையில கொண்டுபோய்க் குடுக்கலாமா?"

அக்காவின் வாயில் குண்டூசிகள் இருந்தன. பதில் சொல்லாமலிருக்க அது ஒரு சாக்கு. ஆனால் ரொட்டிக்கடையம்மா காத்திருந்தாள். கடைசியில் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, "பழைய கதை அது. எல்லா வீட்லயும் இருக்கறதுதானே" என்றாள் அக்கா.

"புரியுது, புரியுது. சொந்தத்தைப் பத்தி உங்க வாயால எப்படிச் சொல்லுவீங்க? உங்க மனசு யாருக்கு வரும்!"

அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. காரணம் டீக்கடைவரை வந்து பையன் காதிலும் விழுந்தது. அவன் வேலைப் பையைத் தோளில் மாட்டியபடியே வங்கிக்குப் போய், அந்தச் சுவருக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனானாம். அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லையாம். வாட்ச்மேன்தான் இதை அக்காவிடம் சொன்னார், சும்மா பேச்சுவாக்கில்.

அன்று அக்கா ஒரு பிளவுஸுக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்தாள். பிரித்துப் பார்த்தால் துணியையே தப்பாக வெட்டியிருந்தாள். வெட்டிய துணியை ஒட்டவா முடியும்? அதை மடியில் வைத்துக்கொண்டு மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தவள், எழுந்து முகம் கழுவிக்கொண்டு வங்கிக்குப் போனாள்.

நான் அப்போது வரிசையில் நின்றிருந்தேன். மேனேஜர் தம் அறை வாசலில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். அக்கா நேராகப் போனாள்.

"மேடம், அந்தப் படத்துல ஒரு தப்பு இருக்கு."

"பெயிண்ட் உரியுதா?"

"இல்ல மேடம். ஆள் மாறிப்போச்சு."

மேனேஜருக்கு ஒன்றும் விளங்கவில்லை. "போட்டோ குடுத்ததே நீங்கதானேம்மா? உங்களை நல்லபடியாத்தானே வரைஞ்சிருக்கு?"

"அதான் தப்பு."

ஏதோ குடும்ப விவகாரம் என்று மேனேஜருக்குப் புரிந்தது. குரலைத் தாழ்த்தி, "உள்ள வாங்க, உக்காந்து பேசலாம்" என்றார்.

"உள்ள வேணாம் மேடம். எல்லாரும் பாக்கறது வெளியிலதானே."

அக்கா எங்கள் பக்கம் திரும்பினாள். வரும் வழியில் நிறையச் சொல்லத் தயார்செய்து வந்திருந்தாளாம். "முடியைப் பிடிச்சது நான். அவ இல்ல" என்பது மட்டும்தான் வந்தது.

ஹாலில் எல்லாரும் கேட்டார்கள், பென்ஷன் வாங்க வந்திருந்த காது மந்தமான பெரியவர் ஒருவரைத் தவிர. "என்ன சொல்லுது அந்தப் பொண்ணு?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். "தப்பு நடந்துடுச்சாம்" என்றார் அவர். "யார் கணக்குல?" என்று பதறிப்போய் எழுந்துவிட்டார் பெரியவர். இரண்டொருவர் சிரித்தார்கள். அக்கா அவர் பக்கத்தில் போய் நின்று, முதலில் சொன்னதையே உரக்க இன்னொருமுறை சொன்னாள். முதல் தடவை வேகத்தில் வந்துவிட்டது. இரண்டாவது தடவை ஒவ்வொரு சொல்லும் எங்கே போய் விழுகிறது என்று பார்த்துக்கொண்டே சொல்லவேண்டியிருந்தது. அவள் கழுத்து, காது எல்லாம் சிவந்துபோனது. யாரும் ஆறுதல் சொல்லவில்லை. அவளிடம் துணி கொடுத்திருந்த ஒருத்தி தரையைப் பார்த்தாள். நான் பாஸ்புக்கைப் புரட்டினேன்.

அவள் வீடு சேருமுன்னே சேதி மருந்துக்கடைக்குப் போய்விட்டது. மகள் பாதி வேலையில் வந்து நின்றாள்.

"நிஜமாம்மா?"

"ஆமா."

மகள் சத்தம் போடவில்லை. "அப்பா ஆஸ்பத்திரியில இருந்தப்போ சித்தி பிளாஸ்க்ல வெந்நீர் கொண்டுவந்தாங்க. தலைக்கு ஒரு தலகாணி கொண்டுவந்தாங்க. உங்க கையால எதுவும் வேணாம்னு நான் பிளாஸ்க்கை எடுத்து வராந்தாவுல வச்சேன். நீ பக்கத்துலதான் நின்னே" என்றாள். பிறகு காலண்டரைக் கழற்றிச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டு வேலைக்குத் திரும்பிப் போனாள். அதிலிருந்து வீட்டில் சாப்பாடு, சாவி, கரண்ட் பில் தவிர வேறு பேச்சில்லை.

அக்கா ரொட்டிக்கடைக்குப் போனாள். கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்றபடியே சொன்னாள். ரொட்டிக்கடையம்மா கேட்டுமுடித்து, "அப்போ அன்னிக்கு ஏன் சொல்லலை?" என்றாள்.

"தைரியம் வரலை."

"உங்களுக்குத் தைரியம் வராததுக்கு அந்தப் பையன் என்ன பண்ணுவான்?" என்று கேட்டுவிட்டு, தைக்கக் கொடுத்த துணியைத் தைக்காமலே திருப்பி அனுப்பச் சொன்னாள். பிறகு அவளே சின்னவள் வீட்டுக்குப் போய்ப் பேசினாள். கல்யாணம் நடந்தது. அது அக்கா சொல்லி நடந்ததாக யாரும் பேசவில்லை. அக்காவால் நின்றிருந்தது என்றுதான் பேசினார்கள். அதில் தப்பு ஒன்றும் இல்லை என்பாள் அக்கா.

ரயில்பாதையைத் தாண்டிச் சின்னவள் வீட்டுக்கு அவள் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சின்னவள் யூனிபார்மை அலசிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். பார்த்தாள், மீதித் துணியையும் பிழிந்து போட்டு முடித்துவிட்டுத்தான் கிட்டே வந்தாள்.

"படத்துக்காக வந்தியாக்கா, எனக்காக வந்தியா?"

"மன்னிச்சுடுன்னு கேக்க வந்தேன்" என்றாள் அக்கா.

"அது என்னால முடியுமான்னு எனக்கே தெரியலைக்கா. இத்தனை வருஷம் நீ கேப்பேன்னு நான் எதிர்பாக்கலை. அதனால யோசிச்சும் வைக்கலை." ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "உன் பொண்ணுகிட்டச் சொன்னியா?"

"அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுபோறது வேற, நீ சொல்றது வேற. ஆஸ்பத்திரிக்கு மருந்து குடுக்க வந்தா என்னைப் பாத்துட்டுத் தலையைக் குனிஞ்சிட்டுப் போகுது. அந்தப் பிள்ளை என்ன தப்பு பண்ணுச்சு? யார் சொன்னதை நம்புச்சு?"

அக்கா தலையாட்டினாள். படத்தை மாற்ற ஓவியரை வரவழைக்கப் போகிறார்கள் என்றாள்.

"என் மூஞ்சியை எடுத்துட்டு அங்க உன் மூஞ்சியை வைக்கச் சொல்லிடாதே. நாளைக்கு உன் பொண்ணு பெத்த பிள்ளைங்களும் அந்த பேங்க்குக்குத்தான் போகும். யார் மூஞ்சியும் வேணாம்." உட்காரச் சொல்லவில்லை. அக்கா திரும்பிப் படியிறங்கும்போது, "கேட்டைச் சாத்திட்டுப் போக்கா, நாய் வந்துடும்" என்று மட்டும் சொன்னாள்.

ஓவியர் வந்தார். மேனேஜர் மேலிடத்தில் எப்படியோ பேசி அனுமதி வாங்கியிருந்தார். முன்பு புண்ணியம் கேட்ட மனுஷர் இப்போது அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தூரிகையைக் கழுவிக்கொண்டே, "அந்த அம்மா மூஞ்சியில கோபம் வரவே மாட்டேன்னுடுச்சுக்கா. அழிச்சு அழிச்சு வரைஞ்சேன். எனக்குத்தான் தொழில் தெரியலையோன்னு நெனச்சேன். பொய்யின்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். அக்கா அங்கேயே நின்றாள். முடியைச் சிதறவிட்டும் ஒரு முழங்கையை உயர்த்தியும் இரண்டு முகத்தையும் அவர் மறைத்து முடிக்கும்வரை நின்றாள். சுவரில் முகங்கள் போய்விட்டன. ஆனால் காலண்டர் அச்சானது அச்சானதுதான். வருஷம் முடியும்வரை எத்தனையோ வீட்டில், என் வீட்டிலும், சின்னவள் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தாள். நான் அதைக் கழற்றியிருக்கலாம். தேதி பார்க்க வேறு காலண்டர் இல்லை என்று விட்டுவிட்டேன்.

மகளிடம் சொல்லத்தான் அக்காவுக்கு அதிக நாள் பிடித்தது. ஒரு மாலை மகள் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது எதிரே போய் உட்கார்ந்து ஆரம்பத்திலிருந்து சொன்னாள். தூங்கிப்போனதை, குடத்தை முன்னால் வைத்ததை, குழந்தைக்குத்தான் என்று அவள் கெஞ்சியதை, மாமியாரிடம் முந்திக்கொண்டதை எல்லாம். மகள் நறுக்குவதை நிறுத்தவில்லை. முடிந்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"நான் அந்த பிளாஸ்க்கை வெளியில வச்சப்போ நீ என்ன நெனச்சே?"

இதற்கு எத்தனையோ பதில் இருந்தது. பாவமாக இருந்தது என்று சொல்லியிருக்கலாம். புருஷன் சாகக் கிடந்த நேரத்தில் புத்தி எங்கே இருந்தது என்று சொல்லியிருக்கலாம்.

"தப்பிச்சேன்னு நெனச்சேன்" என்றாள் அக்கா.

மகள் கத்தியைக் கீழே வைத்தாள். அழவில்லை. அவள் அழுதிருந்தால் தேவலை என்று இருந்ததாம் அக்காவுக்கு.

அடுத்த வாரம் மகள் தானாக ரயில்பாதைக்கு அந்தப் பக்கம் போனாள். இப்போதும் வாரம் தவறாமல் போகிறாள். அங்கே என்ன பேசுகிறார்கள் என்று அவள் சொல்வதில்லை, அக்கா கேட்பதில்லை. அக்காவின் கடையில் இப்போது கூட்டம் கொஞ்சம் குறைவு. வருகிறவர்களுக்குக் கதையும் கிடைப்பதில்லை. அளவெடுப்பாள், என்றைக்கு வரவேண்டும் என்று சொல்வாள், அவ்வளவுதான்.

போன மாதம் மகள் திரும்பி வந்தபோது கையில் ஒரு பை இருந்தது. "சித்தி யூனிபார்ம். ரெண்டு கையும் நைஞ்சுபோச்சு. மாத்தித் தருவியான்னு கேட்டாங்க" என்று மெஷின்மேல் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

சின்னவளின் கை அளவு அக்காவுக்குத் தெரியாது. போய்க் கேட்க முகமில்லை. பழைய கையைப் பிரித்து, அதையே துணிமேல் விரித்து வைத்து வெட்டினாள். இரண்டு நாள் மற்ற வேலை எதையும் தொடவில்லை. மகள் கொண்டுபோய்க் கொடுத்தாள். ஒரு வாரம் கழித்து அதே பை திரும்பி வந்தது.

"கை இறுக்குதாம்மா. தூக்கினா அக்குள்ல பிடிக்குதாம். கொஞ்சம் விட்டுத் தைக்கச் சொன்னாங்க."

எங்கள் தெருவில் டைலரக்கா தைத்த உடுப்பு ஒன்று திரும்பி வந்ததை நான் அதுவரை பார்த்ததில்லை. அவள் பையைப் பிரித்து, தையலை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து, விட்டுத் தைத்துக் கொடுத்தனுப்பினாள். இப்போது சரியாக இருக்கிறதா என்று மகளிடம் கேட்கலாம். இன்னும் கேட்கவில்லை.